டைமிங் யார் எடுத்தது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். விளையாடுகிற பிள்ளைகள் கண்ட இடத்தில் படிப்பதையும் கேட்பதையும் அப்படியே நம்புகிறார்கள், இவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று. 31 வருஷம் விசிலும் கையுமாகப் பள்ளி மைதானத்தில் நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் இடம் இல்லாததால் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

டீச்சர், அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. என் தடகளப் பிள்ளைகள் தினமும் காலையில் ஒரு ரீல்ஸ் கதையோடுதான் வருகிறார்கள். "சார், வார்ம் அப்ல ஸ்ட்ரெச்சிங் பண்றதே தப்பாம்", "சார், போல்ட்டை விட வேகமா ஒருத்தர் சேத்துல ஓடியிருக்காராம்". நான் மறுத்தால், "பத்து லட்சம் பேர் பார்த்திருக்காங்க சார்" என்கிறார்கள். திட்டாமல் எப்படிப் புரிய வைப்பது?
– உடற்கல்வி ஆசிரியர், அறந்தாங்கி

தம்பி, உங்கள் பிள்ளைகளுக்குச் சந்தேகப்படத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். குறுவட்டப் போட்டியில் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடக்கிற சண்டையைப் பார்த்திருப்பீர்கள். "அவ கிளாப் அடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா." (கிளாப் என்பது ஓட்டத்தைத் தொடங்கத் தட்டும் பலகை.) "அந்த சார் கோட்டுக்கு நேரா நிக்கவே இல்ல." "அவர் அவங்க ஸ்கூல் சார், அவர் எடுத்த டைமிங் செல்லாது." பதின்மூன்று வயதுப் பிள்ளை இவ்வளவும் கேட்கிறது. யார் அளந்தார், எங்கே நின்று அளந்தார், அவர் யாருக்கு வேண்டியவர்: வேண்டிய கேள்விகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே பிள்ளை போனைக் கையில் எடுத்ததும் இவை எல்லாவற்றையும் மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதனால் பாடத்தைப் போனில் தொடங்காதீர்கள், ஸ்டாப் வாட்ச்சில் தொடங்குங்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, பத்துப் பிள்ளைகளை 100 மீட்டர் முடிவுக் கோட்டில் நிறுத்தினேன். பள்ளியில் இருந்த வாட்ச் மூன்று, மற்றவர்களுக்கு ஆசிரியர்களின் போன். ஒரே ஒரு பெண்ணை ஓடவிட்டேன். பத்துப் பேர் எடுத்த நேரமும் 14.1க்கும் 14.8க்கும் நடுவில் சிதறிக் கிடந்தது. ஓடியவள் ஒருத்தி, ஓடியது ஒரு தடவை. பிள்ளைகள் அசந்துபோனார்கள்.

அப்புறம் ஏன் என்று தேடினோம். சிலர் கிளாப் மூடுவதைக் கண்ணால் பார்த்து அழுத்தியிருந்தார்கள், சிலர் சத்தம் கேட்டு அழுத்தியிருந்தார்கள். சத்தம் 100 மீட்டர் கடந்து வர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். சத்தத்துக்குக் காத்திருந்தவர்களின் வாட்ச்சில் அந்தப் பெண் இன்னும் வேகமானவளாகத் தெரிந்தாள். துப்பாக்கியின் புகையைப் பார்த்துத்தான் வாட்ச்சை அழுத்த வேண்டும் என்று விதி இருப்பதே இதனால்தான். மூன்று பேர் நேரம் எடுத்து மூன்றும் வேறுபட்டால் நடுவில் இருப்பதை எடுக்கச் சொல்வதும், கையால் எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிக்கு மேல்நோக்கி முழுமையாக்கச் சொல்வதும் அதே காரணத்துக்குத்தான். இந்த விதிகளைப் பல வருஷம் நான் சும்மா மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவர்களுக்கு அவை புரிந்தன.

அடுத்த வாரம் மில்கா சிங்கைக் கொண்டுவந்தேன். 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் அவர் நான்காவது. கையால் எடுத்த நேரம் 45.6, மின்னணு நேரம் 45.73. 1998இல் இன்னொரு இந்திய வீரர் பரம்ஜித் சிங் 45.70இல் ஓடினார். சரி, மில்காவின் தேசிய சாதனையை அவர் முறியடித்தாரா இல்லையா? 45.6ஐ வைத்துப் பார்த்தால் இல்லை, 45.73ஐ வைத்துப் பார்த்தால் ஆமாம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து முக்கால் மணி நேரம் வாதாடியது. 400 மீட்டரில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.14 கூட்டிக்கொள்வது வழக்கம், 100, 200 மீட்டருக்கு 0.24. இதைச் சொன்னதும் ஒரு பெண் கரும்பலகைக்கு ஓடி 45.6ஓடு 0.14ஐக் கூட்டினாள். 45.74 வந்தது. 45.73க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதே என்று அவள் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் "போல்ட்டை விட வேகமாக ஓடியவர்" கதைக்கு வாருங்கள். அது கர்நாடகத்தின் தட்சிண கன்னடப் பகுதியில் சேற்று வயலில் எருமைகளோடு ஓடும் கம்பளா போட்டி. 2020 பிப்ரவரியில் சீனிவாச கவுடா என்ற இளைஞர் தன் எருமை ஜோடியோடு 142.5 மீட்டரை 13.62 விநாடியில் கடந்தார். யாரோ அதை 100 மீட்டருக்கு வகுத்து 9.55 என்றார்கள். 2009இல் பெர்லினில் போல்ட் ஓடியது 9.58. உடனே நாடு முழுக்கச் செய்தி. மத்திய விளையாட்டு அமைச்சரே இந்திய விளையாட்டு ஆணையத்தின் சோதனை ஓட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்.

இங்கே பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். 9.55ஐ யார் அளந்தார்? யாரும் அளக்கவில்லை, அது ஒரு வகுத்தல் கணக்கு. போல்ட் அசையாமல் நின்ற நிலையிலிருந்து கிளம்பினார். அவருடைய நேரத்தில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து கால் கிளம்பும் வரைக்குமான 0.146 விநாடியும் சேர்ந்திருக்கிறது. அவரை யாரும் இழுக்கவில்லை. கவுடாவை இரண்டு எருமைகள் இழுத்தன. இதை நான் அவரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சேற்றில் அந்த வேகத்துக்குக் கால் வைப்பது பெரிய திறமை. சோதனை ஓட்டம் வேண்டாம் என்றதும் அவரேதான். போல்ட் உலக சாம்பியன், நான் சேற்று வயலில் ஓடுகிறவன் என்று அவர் செய்தியாளர்களிடம் தெளிவாகச் சொன்னார். அந்த வாரம் பேசியவர்களில் விஷயத்தைச் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

"பத்து லட்சம் பேர் பார்த்திருக்காங்க" என்ற வாதத்துக்கு என்னிடம் ஒரு கதை உண்டு. 2020 ஜூன் 29, இலங்கையின் பதுளையில் "ஊவா டி20" போட்டி என்று ஒரு கிரிக்கெட் ஆட்டம் இணையத்தில் நேரலையாக ஓடியது. ஸ்கோரும் பல இடங்களில் வந்தது. ஆட்டம் நடந்தது பதுளையில் இல்லை, பஞ்சாபில் சண்டிகர் பக்கத்தில் சவாரா என்ற கிராமத்தில். சூதாட்டத்துக்காகப் போட்ட நாடகம் அது. எங்களுக்கும் இந்தப் போட்டிக்கும் சம்பந்தமில்லை என்று இலங்கை கிரிக்கெட் வாரியம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே குழாயிலிருந்து பத்துக் குடத்தில் தண்ணீர் பிடித்துவிட்டு, பத்து ஊர்த் தண்ணீர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் ஒரு செய்தியைக் கொடுத்து, "இதை முதலில் சொன்னது யார், தேடிக் கண்டுபிடி" என்று வீட்டுப்பாடம் கொடுங்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணச் சொல்லாதீர்கள்.

ஸ்ட்ரெச்சிங் விஷயத்தில் அந்த ரீல்ஸில் பாதி உண்மை இருக்கிறது. ஓட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை இழுத்துப் பிடித்தால் வேகமும் உந்துதலும் கொஞ்சம் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கால் வீச்சு, முட்டி உயர்த்தி ஓடுவது போன்ற அசைவுப் பயிற்சிகளுக்கு அது பொருந்தாது. பிள்ளை சொல்வதில் எந்தப் பாதி சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டால், மறு பாதியை அது உங்களிடமிருந்து கேட்டுக்கொள்ளும்.

என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள், மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். பத்து நாளாக இருமல். மருந்துக் கடையில் சிரப் வாங்கினேன். "விளையாட்டு வீரர்கள் சாப்பிடக் கூடாத மருந்துகள்" என்று வாட்ஸாப்பில் வந்த பட்டியலில் அந்த சிரப் பெயர் இல்லை. கொடுக்கலாமா? ஜிம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், முழுக்க மூலிகை, அரசு உரிம எண் இருக்கிறது என்று ஒரு பவுடரும் தருகிறார்.
– ஒரு தகப்பனார், திருச்செங்கோடு

ஐயா, பத்து நாள் இருமலுக்குக் கடையில் சிரப் வாங்கியதே சரியில்லை. முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உள்ளே நுழைந்ததும் பிள்ளையே வாய் திறந்து, "நான் போட்டியில் ஓடுகிறேன், ஊக்கமருந்து விதி எனக்கு உண்டு" என்று சொல்லட்டும். நீங்கள் சொல்வதை விட அவள் சொல்வது நல்லது. நாளைக்குத் தனியாக வெளியூர் போகும்போது அவள்தானே சொல்ல வேண்டும்?

கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019இல் எட்டு மாதம் தடை வாங்கியது ஓர் இருமல் சிரப்பால். அதில் டெர்பியூட்டலின் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. தெரியாமல் குடித்ததை ஏற்றுக்கொண்டுதான் தண்டனை அந்த அளவோடு நின்றது. அப்போது அவருக்கு 19 வயது. டெர்பியூட்டலின் கலந்த சிரப் நம் ஊர்க் கடைகளில் சர்வசாதாரணம். மேலட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை வைத்துத் தேடிப் பயனில்லை. உள்ளே என்ன மருந்து என்பது பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸாப் பட்டியல். அதில் எந்த வருஷம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. காஃபின் 2003 வரைக்கும் பட்டியலில் இருந்தது, 2004இல் எடுத்துவிட்டார்கள். டிரமடால் என்ற வலி மருந்து 2024 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் தடை. 2023இல் ஒருவர் நேர்மையாக எழுதிய பட்டியல்கூட இன்றைக்கு உங்கள் மகளைக் கவிழ்த்துவிடும். இன்னொன்று, பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியூட்டமால் மருந்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் இன்ஹேலரில் இழுத்தால் அனுமதி, அதையே சிரப்பாகக் குடித்தால் தடை. இதெல்லாம் ஒரு பக்க ஃபார்வர்டில் அடங்காது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் "நோ யுவர் மெடிசின்" செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். தடைப் பட்டியலில் உள்ள மருந்துதான் அவளுக்குக் கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், சிகிச்சைக்கான விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. போட்டிக்குப் பயந்து வைத்தியத்தை நிறுத்தாதீர்கள்.

பவுடர் வேண்டாம், ஐயா. உரிம எண் என்பது உணவுப் பொருளாக விற்க அனுமதி, அவ்வளவுதான். தடை செய்யப்பட்ட பொருள் அதில் கலக்கவில்லை என்று அந்த எண் சொல்லவில்லை. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் விற்கிறவர். 2011இல் நம் நாட்டின் 400 மீட்டர், தொடர் ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் மூன்று பேர் முந்தைய வருஷம் குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஓடியவர்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். ஜின்செங்கும் மூலிகைதான். முதலில் ஒரு வருஷத் தடை, மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு வருஷமாக்கியது. யார் கொடுத்தாலும் உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடுகிறவளுக்குத்தான் என்பது விதி. இந்த ஒரு விதியை மகளுக்குச் சொல்லிவிடுங்கள். தனக்கு யோசனை சொல்கிற ஒவ்வொருவரையும் பார்த்து, "தப்பாப் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கும் தைரியம் அவளுக்கு அதிலிருந்து வரும்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன் டீச்சர். எங்கள் அகாடமியிலிருந்து கோவாவில் "தேசிய சாம்பியன்ஷிப்"புக்குக் கூட்டிப் போகிறார்கள். 7,500 ரூபாய். ஜெயித்தால் நேபாளத்தில் "சர்வதேசப் போட்டி". அந்தச் சான்றிதழ் வேலைக்குப் பயன்படும் என்கிறார்கள். நிஜமா?
– ஒரு மாணவி, கோவில்பட்டி

பணம் கட்டும் முன்னால் கேட்டாயே, அதுவே நல்லதும்மா.

என்னிடம் படித்த ஒரு பெண், கபடி ஆடுகிறவள், இப்படி ஒரு போட்டிக்குப் போய் தங்கத்தோடு வந்தாள். அவள் அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஊரில் பேனர்கூட வைத்தார்கள். கல்லூரியில் விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பித்தபோது அந்தச் சான்றிதழைத் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நடத்திய அமைப்புக்கு அங்கீகாரமே இல்லை. பதக்கம் வாங்கிய அவளுடைய பிரிவில் விளையாடியது எத்தனை அணி தெரியுமா? மூன்று. பேனருக்குக் கீழே நானும்தான் கைதட்டினேன். அந்த அமைப்பு என்ன ஏது என்று போகும் முன்பே நான் விசாரித்திருக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். நடத்துகிற அமைப்பின் முழுப் பெயரை நோட்டீசில் இருக்கிறபடி ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள். "இந்திய", "தேசிய", "கூட்டமைப்பு" என்ற சொற்களை யார் வேண்டுமானாலும் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த தேசிய விளையாட்டு சம்மேளனங்களின் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று பார். அப்புறம் உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் போய்ப் பார், அப்பா அம்மாவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டி அதற்குச் செல்லும், சான்றிதழ் எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. "இந்தப் போட்டி அதில் வருமா, சார்?" என்று கேள். அகாடமிக்காரரிடமும், சான்றிதழ் எந்தப் படிவத்தில் வரும் என்று கேள். மழுப்பினால் 7,500 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள். ஒரு நல்ல ஸ்பைக்ஸ் வாங்கி, மீதியில் பல நாள் முட்டையும் பாலும் சாப்பிடலாம்.

பாரதியார் தின விழா, குடியரசு தின விழாப் போட்டிகளுக்குப் பள்ளி மூலம் போக ஒரு பைசா கேட்க மாட்டார்கள். அதில் மண்டல அளவில் மூன்றாவதாக வந்தாலும் அது நீ நிஜமாக ஜெயித்த இடம்.

நீச்சல் வீரர் பெல்ப்ஸ் ஒரு நாளைக்கு 12,000 கலோரி சாப்பிட்டாராமே? என் மகனும் அப்படிச் சாப்பிட வேண்டும் என்கிறான்.
– வாசகி, நாகர்கோவில்

2008 பெய்ஜிங்கில் அவர் எட்டுத் தங்கம் வென்றபோது உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த எண் அது. பிறகு பெல்ப்ஸே அதைக் கட்டுக்கதை என்று சொன்னார். மறுப்பு அந்த அளவுக்குப் பரவவில்லை. மகனிடம், "இதைப் பெல்ப்ஸ் சொன்னாரா, பெல்ப்ஸைப் பற்றி வேறு யாராவது சொன்னார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டுச் செய்தி எது கையில் வந்தாலும் இந்தக் கேள்வி உதவும்.

டீச்சர், நான் உங்கள் பழைய மாணவி. இப்போது நானும் உடற்கல்வி ஆசிரியை. பயிற்சி முடிந்த மறுநாள் வரும் கால் வலி லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். போன வாரம் என் வகுப்பில் ஒரு பையன் அது தப்பு என்கிறான். என்ன சொல்வது?
– பழைய மாணவி, மணப்பாறை

அந்தப் பையன் சொன்னதுதான் சரி. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட், அதாவது நாம் லாக்டிக் அமிலம் என்று சொல்வது, பெரும்பாலும் பழைய நிலைக்குப் போய்விடும். மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு செய்யும் வேலையும் சேர்ந்து வருவது. மேட்டிலிருந்து இறங்கி ஓடிய மறுநாள் தொடை அதிகம் வலிப்பதைப் பார்த்திருப்பாய். இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருப்பதால் அப்படி.

உங்கள் செட்டுக்கு நான் அதைத் தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கு முன்னால் இருபது செட்டுக்கும் அப்படித்தான். 1986இல் பயிற்சிக் கல்லூரியில் எழுதிய நோட்டிலிருந்து அதை எடுத்தேன், மறுபடி ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொன்னதுதான் வேதம், யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களைக் கேட்கும்படி நானும் பழக்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பையனை நாளைக்கு அசெம்பிளி முடிந்ததும் கூப்பிட்டு, எங்கே படித்தான், எழுதியது யார் என்று கேள். சொல்லத் தெரிந்தால் வகுப்புக்கு முன்னால் அவனையே பேசச் சொல். தெரியாவிட்டால் நீயும் அவனும் உட்கார்ந்து தேடுங்கள். அந்தப் பாடத்தை எழுதிய பக்கம் உள்ள என் பழைய நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன், தேதியோடு பிள்ளைகளுக்குக் காட்டு.